கமான் பட்டையும் முப்பது கிளிக்கும்

1970களில் பம்பாயின் மாட்டுங்கா, சயான் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கார் வைத்திருந்தவர்கள் சொற்பம். அந்தச் சொற்பம் பேரின் வாசலில் பெரும்பாலும் நின்றது ஃபியட்தான். அது தயாரானது கூப்பிடு தூரத்தில், குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில். 1964இல் ‘1100 டிலைட்’ என்று வந்த வண்டி 1974இல் பிரீமியர் பத்மினி ஆனது. முன் சக்கரங்களுக்கு இரட்டை விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும்; பின்னால் ஆக்சிலுக்குக் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள், அதற்கு முந்தைய வாரம் வண்டியைக் காரேஜில் விட்டு, பின் பக்கம் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். பின் இருக்கையில் நாலு பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், மேலே கேரியர். அந்த ஒரு பட்டை இல்லாவிட்டால் கண்டாலா மலையேற்றத்திலேயே பின்புறம் தரையைத் தட்டும். திரும்பி வந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள், வெறும் வண்டிக்கு அந்த இறுக்கம் முதுகை உடைக்கும் என்பதால். சஸ்பென்ஷனை மாற்றியமைப்பது என்றால் அன்றைய பம்பாயில் இவ்வளவுதான்.

இன்று செம்பூரில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஓர் இளைஞர் தன் போலோ காருக்குக் காயில்ஓவர் வாங்கப் பணம் சேர்க்கிறார். வார நாட்களில் அந்த வண்டியில்தான் அலுவலகம் போக வேண்டும், வருடத்தில் ஓரிரு முறை அதே வண்டியை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். எந்த பிராண்டு, எவ்வளவு உயரம், ஷாக்கின் தடையை மாற்றும் குமிழில் எத்தனை கிளிக் என்பதெல்லாம் அவரே முடிவெடுக்க வேண்டியவை. இந்த ஐம்பது வருடத்தில் மாறியதிலேயே பெரியது, முடிவெடுப்பது மிஸ்திரியின் கையிலிருந்து வண்டிக்காரர் கைக்கு வந்ததுதான் என்று நினைக்கிறேன். அந்த முடிவைச் சரியாக எடுக்கத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைப் போட்டு, நல்ல வண்டியைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

காயில்ஓவர் என்பது நமக்குப் புதிய சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே காயில் ஸ்பிரிங்கைப் பொருத்தி இரண்டையும் ஒரே துண்டாக்குவதுதான் அதன் அடிப்படை. சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பக்கத்தில் இருந்தது அதே அமைப்புதான். உயரத்தை மாற்ற மரை மட்டும் கிடையாது. உயரத்தை மாற்றும் வசதி இன்னொரு வண்டியில் இருந்தது. அம்பாசிடரின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார். அதைக் கழற்றி ஓரிரு பல் தள்ளி மாட்டினால் முன்புறம் ஏறும் அல்லது இறங்கும். கல்கத்தா மிஸ்திரிகளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. பம்பாய் ஃபியட் ஊர், அதனால் இங்கே அந்த வித்தை அவ்வளவாகப் பழகவில்லை.

ஷாக் அப்சார்பருக்கு அன்று பம்பாய்க்காரர்கள் முலுண்டை நம்பினார்கள். கேப்ரியல் இந்தியா 1961இல் தொடங்கி முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. புதிது வாங்க வசதி இல்லாதவர்களுக்கு குர்லா சி.எஸ்.டி. ரோடும் தாராவிச் சந்துகளும் இருந்தன. ஆயில் கசிந்து செத்துப்போன ஷாக்கை அறுத்துத் திறந்து, சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றி, மறுபடி வெல்டிங் வைத்துக் கொடுப்பார்கள். எந்தத் தடிமன் ஆயில், எவ்வளவு ஊற்றுவது என்பதற்குப் புத்தகம் கிடையாது. கம்பியை இழுத்து, தள்ளி, கையில் தெரியும் தடையை வைத்தே சொல்வார்கள். அப்படிச் செய்த ஷாக் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். ஆனாலும் கைக்குத் தெரிந்த அந்தத் தடைதான் ஷாக்கின் உயிர் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதுதான் இன்று பலருக்கு மறந்துபோயிருக்கிறது.

வேகப்பிரியர்களும் அன்று இருந்தார்கள். அவர்கள் செய்தது ஸ்பிரிங்கை வெட்டுவது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் வண்டி தாழ்வதோடு மீதி ஸ்பிரிங் ஐந்தில் ஒரு பங்கு இறுகியும் போகும். ஸ்பிரிங்கின் கடினம் சுற்றின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம் என்பதால் வரும் கணக்கு அது. ஸ்பிரிங் இறுகிவிட்டது, ஷாக் பழையதே. ஆகவே வளைவில் நன்றாக உட்கார்ந்த வண்டி பள்ளத்தில் விழுந்ததும் மூன்று முறை துள்ளும். வெட்டிய முனை தன் இருக்கையில் ஒழுங்காகப் பொருந்தாமல் நழுவுகிற ஆபத்து வேறு. இந்தப் பழக்கம் இன்றும் சாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பந்தயம் பார்க்கப் பம்பாய்க்காரர்கள் தெற்கே போனார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து வண்டிகள் வந்தன. விஜய் மல்லையாவும், கோவை கரிவரதனும், விக்கி சந்தோக்கும் ஓட்டிய தடம் அது. வெளிநாட்டு ஃபார்முலா வண்டிகளோடு, குடைந்து திருத்திய ஃபியட்களும் ஓடின. சாதாரணச் சாலை வண்டியையே பந்தய வண்டியாக்கும் ஆசைக்கு இந்தியாவில் வித்திட்ட இடங்களில் சோழவரம் முதன்மையானது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. பிறகு கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே. இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், கரி அதைவிடச் சிறியது, வளைவுக்கு மேல் வளைவு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததோடு கதை திரும்பியது. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே துண்டு. அதன்பின் வந்த சிறிய கார்களில் பெரும்பாலானவை அதே வழி. காயில்ஓவர் மாட்ட ஏற்ற உடம்பு அப்போதே வந்துவிட்டது, பொருள்தான் வரவில்லை. 2005இல் ஸ்விஃப்ட், 2010இல் போலோ, அதே ஆண்டில் ஒரே மாதிரி போலோக்கள் மட்டும் ஓடும் போலோ கப் என்று வரிசையாக வந்தபோது, ‘இந்த வண்டிதானே என் வீட்டிலும் நிற்கிறது’ என்ற எண்ணம் பலருக்கு வந்தது. போலோவின் இந்தியத் தயாரிப்பு 2022இல் நின்றுவிட்டது. காலி-பீலி (கறுப்பு-மஞ்சள்) பத்மினி டாக்ஸிகளில் கடைசியாகப் பதிவானது, இருபது ஆண்டு வயது வரம்பைத் தொட்டு, 2023 அக்டோபர் 30ஆம் தேதி சாலையை விட்டு விலகியது.

இனி இன்றைய கதை. காயில்ஓவரை மாட்டும் வேலையைத் தாராவியில் அறுபதடிச் சாலைக்கு அருகில் ஒரு சின்ன காரேஜில் நின்று பார்த்தேன். வேலை செய்தவர் திருநெல்வேலிக்காரர். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து, நாலு மூலையையும் அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே எழுதிக்கொண்டார். பிறகு கொக்கி போன்ற ஸ்பேனரை அலுமினிய வளையத்தின் காடியில் மாட்டி, வளையத்தை உடம்பின் மரையில் கால் சுற்று, அரைச் சுற்றாக இறக்கினார்.

“அண்ணாச்சி, இன்னும் ரெண்டு விரல் இறக்கலாமா?” என்றார் வண்டிக்காரர்.

“இறக்கலாம் தம்பி. ஷாக்கு ஓடுறதுக்கு உள்ள இடம் வேணும்லா?”

மொத்த விஷயமும் அந்த ஒரு பதிலில் அடக்கம். மலிவான கிட்களில் உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைக் கீழே இறக்குவார்கள். அதோடு ஷாக்கின் கம்பி உள்ளே போக மிச்சமிருக்கும் தூரமும் சுருங்குகிறது. ரொம்ப இறக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். பிறகு அங்கே ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை, ரப்பர்தான் வண்டியைச் சுமக்கிறது. இன்னொரு வகையில் கீழ்ப் பிராக்கெட்டுக்கும் தனியாக மரை இருக்கும். உயரத்தை அங்கே மாற்றலாம். ஸ்பிரிங்கின் இறுக்கமும் ஷாக்கின் ஓட்டமும் அப்படியே இருக்கும். செலவு கொஞ்சம் கூடினாலும் இரண்டாவது வகையே மேல். அப்போதும் எல்லை உண்டு. கீழ் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வண்டி எவ்வளவு தாழ்ந்ததோ அதைவிட வேகமாக அது சாயும் மையமான ரோல் சென்டர் தாழ்கிறது. வளைவில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். தாழ்த்தியது பார்வைக்கு மட்டும் என்று ஆகிவிடும். சாலைக்கும் தடத்துக்கும் ஓடும் வண்டிக்கு 25, 30 மில்லிமீட்டர் இறக்கம் போதும் என்பது என் தீர்மானம்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. மில்லிமீட்டருக்கு 5 கிலோ என்று எழுதியிருந்தால், 5 கிலோ வைத்தால் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் என்று பொருள். போலோ போன்ற வண்டியின் முன் மூலை ஒவ்வொன்றும் ஸ்பிரிங்கின் மேல் சுமார் 300 கிலோ இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.5 கிலோ ஸ்பிரிங் 120 மில்லிமீட்டர் அமுங்கும். 5 கிலோ ஸ்பிரிங் 60. 8 கிலோ ஸ்பிரிங் 40க்கும் குறைவு. அமுக்கம் குறைந்தால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொடர்வதற்கு உள்ள தூரமும் குறையும். மும்பைச் சாலையில் அதன் விளைவு நேரடி: பேவர் பிளாக் கிளம்பிய இடத்தில் சக்கரம் காற்றில் நிற்கும். தடத்தில் 8 கிலோ சொர்க்கம்தான். சயான் சந்திப்பில் அது தண்டனை. இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமானால் 4 முதல் 6 கிலோவுக்குள் நிற்பது நல்லது.

ஸ்பிரிங் தவறினால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஆகும் செலவும் குறைவு. ஷாக் தவறினால் மொத்தப் பணமும் போச்சு. கிட்டின் விலையில் எங்கே கைவைத்து மலிவாக்குகிறார்கள் என்று பாருங்கள்: பளபளக்கும் வளையத்திலோ பெயின்ட்டிலோ கை வைப்பதில்லை, உள்ளே இருக்கும் வால்வில்தான் வைக்கிறார்கள். தலையில் திருகும் குமிழில் தைவான் பி.சி. ரேசிங்கின் பி.ஆர். வரிசைக்கு 30 கிளிக், ஜப்பான் டெய்ன் ஃபிளெக்ஸ் இசட்டுக்கு 16. ஒற்றைக் குமிழ் முக்கியமாக மாற்றுவது ஷாக் நீளும்போது வரும் தடையை; அமுங்கும்போது வரும் தடை கூடவே கொஞ்சம் நகரும். பெயர் தெரியாத கிட்களிலும் 30 கிளிக் இருக்கும். அவற்றில் பாதி கிளிக்குகள் சத்தம் தருவதோடு சரி. நாலு ஷாக்கையும் ஒரே கிளிக்கில் வைத்து, தடையை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றினால் நாலும் நாலு விதமாகத் தடை காட்டுவது அங்கே சகஜம். இடது, வலது ஒன்றாக இல்லாத வண்டி பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கும். கிளிக் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

கையிருப்புக் குறைவு என்றால் என்ன செய்யலாம்? உயரம் மட்டும் மாற்ற முடிகிற, தடையைத் தயாரிப்பாளரே நிர்ணயித்துப் பூட்டிய கிட் ஒன்றை முதலில் பாருங்கள். பில்ஸ்டைன் பி14, கே.டபிள்யூ. வி1 இரண்டும் அப்படிப்பட்டவை. திருகிப் பார்க்கக் குமிழ் இல்லை, ஆனால் ஸ்பிரிங்குக்கு ஏற்ற தடையை உங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். குமிழ் வேண்டும், தடமும் நிச்சயம் என்றால் பி.சி. ரேசிங். வெளிநாட்டில் ஆயிரம் அமெரிக்க டாலரைச் சுற்றி விற்பது. இறக்குமதி வரியும் கப்பல் கூலியும் சேர்ந்து இங்கே அது கணிசமாக ஏறும். ஆர்டர் செய்யும்போதே ஸ்பிரிங்கின் கடினத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், ஷாக்கைப் பிரித்துப் புதுப்பிக்கலாம் என்பவை அதன் பலம். டெய்ன் ஃபிளெக்ஸ் இசட் நேர் எதிர்: ஷாக் சீல் வைத்தது, பிரிக்க முடியாது, கெட்டதை மட்டும் தனியாக மாற்ற வேண்டும். இவை எதற்கும் காசு வராவிட்டால், பெயரில்லாத காயில்ஓவருக்குப் போவதைவிட, நல்ல ஷாக்கோடு அதற்குப் பொருத்தமான தாழ்த்தும் ஸ்பிரிங் மாட்டுவது எவ்வளவோ மேல். அதற்கும் முன்னால் டயர், பிரேக் பேடு, பிரேக் ஆயில். தடத்தில் நாலாவது சுற்றில் பெடல் பஞ்சாகிப் போனால் எந்தக் காயில்ஓவரும் காப்பாற்றாது.

மும்பைக்கென்று தனிப் பரீட்சைகள் உண்டு. முதலாவது மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீரும் சேறும், வருடம் முழுக்கக் கடற்காற்றின் உப்பும். அலுமினிய வளையமும் எஃகு மரையும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், அலுமினியம் அரிபட்டு இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்ட வளையம் பிறகு கொக்கி ஸ்பேனருக்கு அசையாது. கே.டபிள்யூ. துருப்பிடிக்காத எஃகில் உடம்பு செய்வதன் அருமை இங்கேதான் தெரிகிறது. மற்றவற்றுக்கு மழைக்கு முன்னும் பின்னும் மரையைத் துலக்கி, பிடிக்காமல் காக்கும் கிரீஸ் தடவ வேண்டும். இரண்டாவது, மேல் மவுண்ட். ரேஸ் வண்டிக்கு உலோக உருண்டை பேரிங் நல்லது, ஸ்டியரிங்கின் பேச்சு துல்லியமாகக் கைக்கு வரும். மும்பைத் தூசியும் சேறும் அதற்குள் போனால் சில மாதங்களில் ‘டக் டக்’ என்று சத்தம் ஆரம்பிக்கும். பெரும்பாலும் சாலையில் ஓடும் வண்டிக்கு ரப்பர் மவுண்டே போதும். மூன்றாவது வேகத்தடை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி அது 3.7 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் உள்ள மெல்லிய வளைவு. நம் காலனி வாசல்களில் இருப்பது எது என்று உங்களுக்கே தெரியும். மாநகராட்சி பெரிய அளவில் சாலைகளைக் கான்கிரீட் ஆக்கிவருவதால் பள்ளம் குறைகிறது. இணைப்பு விளிம்புகளின் அடி மட்டும் மிச்சம்.

இந்த ஊர் வண்டிக்கு இன்னொரு சுமையும் உண்டு. மும்பைக்குள் ரேஸ் தடம் கிடையாது. புனே பக்கம் நானோலியில் அண்மையில் ஒன்று வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் கரிக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போக வேண்டுமென்றால் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்: சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாக. தடத்தில் அரை மணி நேரம், அதற்காக நெடுஞ்சாலையில் இரண்டு நாள். ஆகவே தேர்வைத் தடத்தின் ஒரு சுற்று நேரத்தை வைத்துச் செய்யக் கூடாது, அந்த நெடுஞ்சாலையை வைத்துச் செய்ய வேண்டும். செம்பூரிலிருந்து தொடங்கும் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் அதிகாலையில் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். அது பொதுச்சாலை, அங்கே மற்றவர்களும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்மினிக்குப் பட்டை சேர்த்தபோது யாரும் கேட்கவில்லை. இன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவதும், பழைய ஸ்பிரிங், ஷாக்குகளை எறியாமல் வீட்டில் வைப்பதும் அவசியம்.

மாட்டி முடித்த அன்றே வேலை முடிவதில்லை. உயரம் மாறினால் சக்கரங்களின் சாய்வும் (கேம்பர்) திசையும் (டோ) மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து கம்பி தெரியும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடி அளந்து, பூட்டு வளையங்களை இறுக்க வேண்டும். கிளிக்கை எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, சாலைக்கு இத்தனை, தடத்துக்கு இத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாக்கை அறுத்து ஆயில் மாற்றிய பழைய கைகள் இப்போது குறைந்துவிட்டன. பிரித்துப் புதுப்பிக்கக்கூடிய காயில்ஓவர்கள் பெருகியதால் அந்த வேலைக்கு மறுபடி தேவை வந்திருக்கிறது. சீல் மாற்ற, வால்வின் மெல்லிய தகடுகளை அடுக்க, நைட்ரஜன் நிரப்பத் தெரிந்தவர்கள் இங்கே ஊருக்குள்ளேயே இருந்தால், கெட்டுப்போன கிட்டைக் கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டாம். குர்லா, தாராவிச் சந்துகளில் அதற்கான கைத்திறன் இன்னும் இருக்கிறது. கூடவே ஒரு டேம்பர் டைனோவும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அது வந்துவிட்டால் செம்பூர் இளைஞர் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே நாலு ஷாக்கையும் அதில் ஏற்றி, நாலு கோடும் ஒன்றாக விழுகின்றனவா என்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.